முள்ளம்பன்றி எழுதிய கொலைப் பதிவு

"ஐயோ... கொலை!"

பிரெஷோவ் பள்ளிக்கூட நூலகமே அதிர்ந்தது.

அலறியவள் நூலகர் ஸ்லாவ்கா.

தலைமையாசிரியர் ருஸ்னாக் கையில் கனத்த பையோடு ஓடி வந்தார்.

"எங்கேம்மா பிணம்?"

"இன்னும் விழல சார்! நாளன்னைக்குத்தான் விழும். இதைப் படிங்க!"

திரையில் நாலாம் வகுப்பின் ப்ளாக். வெளியாகாமல் காத்திருந்தது ஒரு பதிவு.

'ஆஸ்காரை எங்கள் வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். பட்டினி! கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன்னால் அப்பா சுத்தியலால் மண்டையில் அடித்துக் கொல்லப் போகிறார். எந்த இடத்தில் அடைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டு விவரம் எழுதக் கூடாது என்பது மிஸ் போட்ட விதி. காப்பாற்றுங்கள்! – முள்ளம்பன்றி.'

"ராட்சசன்!" ருஸ்னாக் பல்லைக் கடித்தார். "இவனெல்லாம் ஒரு அப்பனா? யாரு இந்த முள்ளம்பன்றி?"

"தெரியல சார். நிஜப் பேர் போடக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் ஆளாளுக்குப் புனைபெயர் வெச்சுக்கிட்டாங்க. யார் எதுன்னு நான் இன்னும் கேக்கல..."

"பிள்ளைங்களுக்கு ப்ளாக் எதுக்குன்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பவே இழுத்து மூடுங்க!"

ஸ்லாவ்கா திரையை மறைத்து நின்றாள்.

"மூடினா ஆஸ்கார் செத்தான் சார்! இது எப்படி வேலை செய்யுதுன்னு கேளுங்க. பிள்ளைங்க எழுதினா நேரா ஊருக்குப் போகாது. வாசல்ல செருப்பைக் கழட்டினாத்தானே வீட்டுக்குள்ள விடுவோம்? அந்த மாதிரி எங்கிட்ட வந்து நிக்கும். நான் 'சரி'ன்னு அமுக்கினாத்தான் வெளிய போகும். அதுவரைக்கும் எழுதின பிள்ளையும் நானும் மட்டும்தான் பாக்க முடியும். அதனால... இதுக்குக் கீழேயே ரகசியமா கூப்பிடலாம்!"

"அட!" என்றார் ருஸ்னாக், தன்னை மறந்து.

ஸ்லாவ்கா தட்டினாள்: 'முள்ளம்பன்றி, உடனே நூலகத்துக்கு வா.'

பக்கத்து கணினி அறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

சரக்... சரக்...

கதவு திறந்தது!

"யூல்கா...! நீயா?" ருஸ்னாக் ஓரடி பின்வாங்கினார்.

"ஆமாப்பா," என்றாள் அவருடைய மகள்.

தொப்!

பை கை நழுவி விழுந்தது. உள்ளேயிருந்து உருண்டு வந்தது... புத்தம் புது மரச் சுத்தியல்!

"ராட்சசன்," என்றாள் ஸ்லாவ்கா மெதுவாக. "அப்படித்தானே சொன்னீங்க, சார்?"

"ஐயோ, அது மீன்மா! கிறிஸ்துமஸ் விருந்துக்குன்னு உயிரோட வாங்கி பாத்டப்புல விட்டிருக்கிற கெண்டை மீன்! ஊரே செய்யறதுதானே!"

"அது மீன் இல்ல. ஆஸ்கார்!" யூல்கா விசும்பினாள். "நான் கூப்பிட்டா வருவான்."

மூன்று பேரும் சுத்தியலையே பார்த்தார்கள்.

"சரி... விடுதலை," ருஸ்னாக் முனகினார். "ப்ளாக்கும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா என் பேர் வெளிய வரக் கூடாது!"

"விதியே அதுதான் சார். உங்களுக்கும் புனைபெயர் உண்டு."

பதிவு வெளியானது. மறுநாளே ஒரு பின்னூட்டம் வந்து காத்திருந்தது.

'மீன் பிழைத்தது. ஆனால் பாத்டப்பை விட்டு இறங்க மறுக்கிறது. நான் எங்கே குளிப்பது? – சுத்தியல்.'

ஸ்லாவ்கா யோசிக்காமல் நிராகரித்தாள்.

'வீட்டு விவரம் எழுதக் கூடாது, சார்!'