கிள்ளி வந்த கொடி

காலையில் பார்த்தபோது மணி பிளான்ட்டின் ஓர் இலைகூட ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கவில்லை. எல்லாம் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சின்னவள் அவற்றை ஜன்னல் பக்கம் திருப்பி விட்டாள். காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் மறுபடியும் அண்ணாந்திருந்தன.

கூரைக்கு மேலே மூத்தவளின் வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் மாடியும் கீழுமாக ஒரே கட்டடம். ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே பதினாறு படிகள். மாடியில் கால் வைத்தாலே கண் குளிரும். அலமாரி விளிம்பிலிருந்து வழியும் கொடிகள், வெள்ளைத் தொட்டிகளில் உருவிய வாள்போல் நிற்கும் இலைகள், குளியலறையில்கூட ஒரு பச்சை. "ஒண்ணும் கஷ்டமில்லம்மா, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி, அவ்வளவுதான். காத்தையும் சுத்தமாக்கிடும்" என்பாள் மூத்தவள், வீடு தானாகவே அழகாகிவிட்டதைப்போல.

"அண்ணி வீட்டையும் பாரு, நம்ம வீட்டையும் பாரு" என்று கணவன் சொன்னதைக்கூடச் சின்னவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பாப்பா சொன்னதுதான். ஐந்து வயது, பிறந்ததிலிருந்தே இழுப்பு.

"பெரியம்மா வீட்ல படுத்தா இருமலே வரலம்மா."

வாரத்தில் ஒரு நாள் மாடியில் தூங்கியவள் மூன்று நாளாக்கினாள். பிறகு தலையணையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளையில்லாத வீட்டிலிருந்து பிள்ளைச் சிரிப்பு கேட்டது. பெற்றவள் கீழே படுத்து அதைக் கேட்டாள்.

கேட்டிருந்தால் மூத்தவள் ஒரு தொட்டியே கொடுத்திருப்பாள். மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் செழிக்கும் என்று நாலு பேர் சொல்வார்கள். அதைவிட, அவளிடம் கை நீட்ட மனம் வரவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு கணுவைக் கிள்ளிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து, பழைய ஜாம் பாட்டிலில் போட்டாள். மூன்றே நாளில் வேர். பத்தாம் நாள் சுவர் முழுக்கக் கொடி. பாப்பாவின் இழுப்பு நின்றது. தலையணை கீழே வந்தது.

அன்றுதான் மாடியில் முதல் இருமல் கேட்டது.

இன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், பாப்பா தூங்கினாள். பாட்டிலில் மண்ணே கிடையாது, ஆனாலும் அறையெங்கும் ஈர மண்ணின் வாசனை, வெட்டிய குழிக்குள் குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. கதவு தட்டப்பட்டது. சுவரைப் பிடித்தபடி மூத்தவள், பாதியாக இளைத்து.

"மேல எல்லாச் செடியும் வாடிப்போச்சும்மா. மூச்சே விட முடியல. உன் வீட்டுக் காத்து நல்லாருக்கு, கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்." பார்வை உள்ளே போனது. "அது எங்க வீட்டுக் கொடி மாதிரி இருக்கே."

"ஏன்க்கா, ஊர்ல உங்க வீட்ல மட்டும்தான் செடி வளருமா?"

மூத்தவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் கண்ணு தூங்கறாளா?"

என் கண்ணு. அது போதும்.

"வேலை கிடக்குக்கா. சாயந்திரம் வாங்க."

கதவைச் சாத்தினாள். படிகளில் காலடி ஏறியது, நின்றது, ஏறியது. மாடிக் கதவு. இருமல். நீண்ட இருமல். பிறகு மழை மட்டும்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ உரசியது.

கொடியின் நுனி, கூரையில் மின்விசிறிக் கம்பி போகும் துளைக்குள் நுழைந்திருந்தது. தண்டு அசைந்தது. புடைத்து, தளர்ந்து, புடைத்து. தொண்டை விழுங்குவதுபோல. மேலிருந்து கீழாக.

கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கிளையைத்தான் வெட்டினாள். கட்டிலில் பாப்பா துள்ளினாள். வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை. உதடு நீலம்.

வெட்டுவாயில் பச்சையாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. விரிந்தது.

பாப்பா மூச்சு விட்டாள்.

பதினாறு படிகள். மாடிக் கதவு திறந்தே இருந்தது. தொட்டிகளில் எல்லாம் சருகு. ஒரே ஒரு பச்சை, தரையைப் பிளந்துகொண்டு வந்து, கட்டில் காலைச் சுற்றி, தலையணைவரை ஏறியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்திருந்த மூத்தவளின் திறந்த வாய்க்குள் போயிருந்தது. வெளியே தொங்கியது நாக்கு இல்லை. இலை.

அவள் மார்பு ஏறி இறங்கியது. கீழே பாப்பா விடும் மூச்சின் அதே தாளம்.

கண்களில் உயிர் இருந்தது. சின்னவளின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தன. அவள் முகத்தைப் பார்த்தன. மறுபடியும் கத்தரிக்கோலை. கெஞ்சின.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா."

கத்தரிக்கோலைக் கட்டிலின் கீழே தள்ளினாள். மேஜைமேல் பூவாளி இருந்தது. பாதித் தண்ணீர். தூக்கிக்கொண்டு அருகில் போனாள். ஒரு கையால் மூத்தவளின் தாடையை மெல்ல நிமிர்த்தி, உள்ளே வேர் நனையும்வரை, சிந்தாமல் ஊற்றினாள்.