ஏரிக்கரையில் ஒரு தட்டு

சிறுசேரிக்கும் பொத்தேரிக்கும் நடுவே ஓடும் அந்த இணைப்புப் பேருந்தின் நெற்றியில் 'நாற்பத்தைந்தே நிமிடம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஆபீஸ்கள் நிறைந்த இரண்டு ஊரையும் சேர்க்க ஒரு தனியார் கம்பெனி விட்ட வண்டி. அந்த நாற்பத்தைந்தைக் காப்பாற்றத்தான் கண்டக்டரை நீக்கினார்கள். ஏரிக்கரை நிறுத்தத்தை எடுத்தார்கள். உடைந்துபோன இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் மாற்றவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். டிரைவர் ஜெயக்குமார் வண்டியைச் சிறுசேரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் ராகவன், கம்பெனியின் மேற்பார்வையாளர். வலது கையில் தடித்த மோதிரம்.

"நாளைக்கு செங்கல்பட்டு கோர்ட்டு," என்றார் ராகவன், டிரைவரின் காதருகே குனிந்து. "போலீஸ்ல கையெழுத்து போட்டதையே சொல்லு. அந்தம்மாவே ஓடுற வண்டில இருந்து குதிச்சிது. அவ்ளோதான்."

"தெரியும் சார்."

"அப்புறம், டெய்லி ஏரிக்கரைல இன்னாத்துக்கு நிறுத்துற? கம்ப்ளெய்ன்ட் வந்துகினே கீது. இன்னிக்கு நானே பின்னால நின்னு பாக்குறேன்."

ஜெயக்குமார் கியரைப் போட்ட வேகத்தில் வண்டியே குலுங்கியது.

கோபம், கண்ணுகளா. நாற்பது நாளாக அந்த மனுஷன் கோபத்தையே தின்று கோபத்தையே குடித்தார். அது ராகவன் மேல் இல்லை. செத்துப்போன முனியம்மா மேல்.

முனியம்மா சிறுசேரி ஆபீஸ் ஒன்றில் தரை துடைத்தவள். நிறுத்தத்தை எடுத்துவிட்டால் வீடு இடம் மாறிவிடுமா? ஏரிக்கரை வந்ததும் உள்ளேயிருந்து தகரத்தில் ஒரு தட்டு தட்டுவாள். ஒன்று என்றால் நிறுத்து. இறங்கி நின்றபின் வெளியிலிருந்து இரண்டு தட்டு. இரண்டு என்றால் போகலாம். கண்டக்டரும் கண்ணாடியும் இல்லாத வண்டிக்கு அவள் கைதான் விசில். பசுவைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி மெத்தென்று தட்டுவாள். டப், டப்.

அவள் செத்த அன்றும் இரண்டு தட்டு கேட்டுத்தான் அவர் வண்டியை எடுத்தார். ஆனால் அவளுடைய ஒரு கால் படியிலேயே இருந்தது; பின்சக்கரத்தில் சிக்கிச் செத்தாள். தட்டிவிட்டு ஏன் நின்றாய்? என்னை ஏன் கொலைகாரன் ஆக்கினாய்? இப்படித்தான் ஒவ்வொரு ராத்திரியும் அவளோடு சண்டை போட்டார்.

மூன்றாம் நாள் அவள் மகள் பூங்கொடி டிப்போ வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. எங்கம்மா குதிச்சிதா?"

தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாம்மா," என்றார்.

அந்த இரண்டு தட்டுக்கு அப்புறம் தன் காதில் விழுந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கேளம்பாக்கம் தாண்டி மாம்பாக்கமும் போனது. தெருவிளக்குகள் குறைந்தன. வலப்பக்கம் ஏரி, கறுப்பாக, மழையை வாங்கிக்கொண்டு கிடந்தது. வண்டிக்குள் ஈரத்துணி நாற்றம். அதன் நடுவே மெல்ல இன்னொரு வாசனை கிளம்பியது.

எலுமிச்சை ஃபினாயில்.

டப்.

தினமும் இந்த இடத்தில் கேட்கிற அதே ஒரு தட்டு. ஜெயக்குமாரின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்படியில் மழை தெறிக்கும் சத்தம். யாரும் இறங்கவில்லை.

"பாத்தியா? ஒருத்தனும் எறங்கல," என்று பின்னாலிருந்து கத்தினார் ராகவன். "எட்றா வண்டிய." கையை ஓங்கித் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

டங்.

டங்.

மோதிரம் தகரத்தில் மோதுகிற சத்தம்.

ஜெயக்குமார் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குக் கேட்டதும் இதுதான். டப் இல்லை. டங். மழைச் சத்தம் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கும் ராகவன் பின்னால்தான் நின்றிருந்தார்.

என்ஜினை அணைத்தார். இருக்கையை விட்டு எழுந்தார்.

"நீதான் தட்டியிருக்க."

"இன்னா ஒளர்ற? பாக்குறாங்க, மெதுவா பேசு."

"அது எறங்கறதுக்குள்ள நீதான் தட்டியிருக்க. நாப்பது நாளா நான் செத்த பொம்பளய திட்டிகினு கீறேன்டா."

ராகவன் படியில் காலை வைத்து இறங்கப் பார்த்தார்.

டப்.

படிக்குக் கீழேயிருந்து.

காலை இழுத்துக்கொண்டார்.

டப், டப் என்று இரண்டாகச் சேர்ந்து வரவில்லை. நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் ஒன்று. பின்சக்கரத்தின் பக்கம் நகர்ந்து, இன்னும் ஒன்று. நிறுத்து. நிறுத்து. நிறுத்து.

வண்டியில் இருந்த இருபது பேரும் கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை.

ஏழாவது தட்டு பாதியில் நின்றது.

ராகவன் படிக்கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "லேட்டாயிடுச்சின்னு தட்டிட்டேன்," என்று முனகினார். "அது எறங்கிடுச்சின்னு நெனச்சேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் கோர்ட்டில் ஜெயக்குமார் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு தட்டு யாருடையது என்று சொன்னார். தன் கையெழுத்து பொய் என்று சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வண்டி நகர்ந்தபின் ஒற்றைத் தட்டு ஏழு கேட்டது, நேரமாகிறதே என்று ஏழாவதுக்குத்தான் பிரேக் போட்டேன் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் பூங்கொடி அவர் எதிரே நின்றாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஏழு வாட்டி சொல்லியிருக்குது எங்கம்மா," என்றாள். "ஏழு வாட்டி."

அவர் கைகூப்பினார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ராகவன் மேல் வழக்கு. ஜெயக்குமாருக்கு வேலை போனது, லைசென்ஸ் போனது. கோவளத்தில் மீன் ஐஸ்பெட்டி இறக்குகிற வேலைக்குப் போனார். கம்பெனிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே ஏழு கைத்தடம் இருந்ததாம், பெயின்ட் அடித்தார்கள். நெற்றியில் 'நாற்பதே நிமிடம்' என்று எழுதி, இனியன் என்ற புது டிரைவரைப் போட்டு வண்டியை விட்டார்கள். இடப்பக்கக் கண்ணாடி உடைந்தபடியே இருந்தது. நிறுத்தமும் திரும்ப வரவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் இனியன் போன் செய்தான்.

"அண்ணாத்த, பெயின்ட் அடிச்சது ஏழு கைத்தடம்னுதானே பேசிக்கினாங்க?"

"ஆமா."

"எட்டாவது ஒண்ணு கீது. வெளிய இல்ல. உள்ள. என் சீட்டுக்குப் பின்னாடி."

ஜெயக்குமார் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "ஈரமா கீதா?"

"இந்த வெயில்லயும் காயவே மாட்டேங்குது. ஃபினாயில் நாத்தம் வேற."

போனுக்குள் என்ஜின் இரைந்தது. அதற்குப் பின்னால், தகரத்தில், மெத்தென்று ஒரு தட்டு.

"இனியா, வண்டி ஓட்டிகினா பேசுற? எங்க கீற?"

"ஏரிக்கரை. ஏன்?"

"நிறுத்துடா."

"நேரமாவுது அண்ணாத்த, நாப்பது நிமிஷம்…"

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, ஏழில் இரண்டாவது தட்டு கேட்டது.