செங்கமலத்துக்கு ஒரு குளிர்பேழை

செத்தவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் குளிர்பேழை வந்துவிடும். உயிரோடு இருப்பவர்கள்தான் காத்திருக்க வேண்டும். வியாசர்பாடியில் இதைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. நாற்பத்தெட்டு டிகிரியில் பிணம் அரை நாள்கூடத் தாங்காது என்று அனல்மதி அப்படி முடிவு செய்திருந்தது.

அனல்மதி, நகரத்தின் வெயில் கணக்கைப் பார்க்கும் செயற்கை மூளை. ஒவ்வொருவர் கழுத்திலும் பொட்டு அளவில் ஓர் உடல்வில்லை ஒட்டியிருக்கும். சூடு, நாடி, வியர்வை எல்லாவற்றையும் அது அனல்மதிக்குச் சொல்லும். யாருக்கு ஆம்புலன்ஸ், யாருக்குக் குளிர்க்கூடத்தில் இடம், யார் பொறுக்கலாம் என்று அனல்மதி வரிசை போடும். நாடி நின்றால் பேழை கிளம்பும். இயந்திரம் தப்புச் செய்துவிடக் கூடாதே என்று ஒரே ஒரு மனிதச் சாட்சியை வைத்திருந்தார்கள். பேழை கொண்டுபோகிறவர் உடலைப் பார்த்துக் கட்டைவிரல் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பேழை குளிரும்.

குமுதாவுக்கு அந்த வேலைதான். வண்டி ஓட்டுபவர் தாவீது.

செவ்வாய்க்கிழமை மதியம் குமுதாவின் அக்கா செங்கமலம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாள். கரிப்பெட்டியோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவள், வெயிலுக்கெல்லாம் அசராதவள் என்று தெருவில் பெயர். குமுதாவும் தாவீதும் பேழை வண்டியோடு ஓடிவந்தபோது வாந்தி எடுத்துக் கிடந்தாள். தோல் காய்ந்து கொதித்தது. வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டாவது, ஈரத்துணி போட்டுக் காத்திருக்கவும் என்றது அனல்மதி.

குமுதா ஈரத்துணி போட்டாள். ஐந்து நிமிடத்தில் அது காய்ந்துபோனது. வண்டியில் வெறும் பேழை ஒன்று இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோ," என்றாள் தாவீதிடம்.

அக்காவின் கழுத்திலிருந்து வில்லையை உரித்தாள். நாடி நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு அனல்மதி சாட்சி கேட்டது. குமுதா கட்டைவிரலை வைத்தாள்.

கண்ணாடி மூடியை ஒரு சாண் திறந்துவைத்து அக்காவை உள்ளே படுக்கவைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் செங்கமலம் கண் விழித்துச் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"இன்னாடி, என்னைப் பொட்டிக்குள்ள போட்டுட்ட? மாலை எங்க?"

"வாயை மூடிக்கினு படு. நீ செத்துட்ட."

"செத்தா இவ்ளோ ஜில்லுனு இருக்கும்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ செத்திருப்பனே!"

குமுதா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. அனல்மதியை ஏய்த்துவிட்ட பெருமை அன்று மூன்று பேருக்குமே இருந்தது.

மறுநாள் காலை பேழையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மின்மயானத்தில் செங்கமலத்துக்கு ஒதுக்கியிருந்த நேரம் யாரும் வராமலே கழிந்தது. அனல்மதி ஏனென்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. துணி போட்டவங்க காத்துக்கினு கீறாங்க என்று சொல்லி, குமுதா எவ்வளவு தடுத்தும் கேட்காமல் செங்கமலம் இஸ்திரிக்குப் போனாள். மூன்று மணிக்கு மறுபடி விழுந்தாள். விடுப்பில் இருந்த குமுதா ஓடிப்போய் அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அனல்மதியை அழைத்தாள்.

"செங்கமலம் அவர்கள் செவ்வாய்க்கிழமையே காலமாகிவிட்டார்," என்றது அனல்மதி, இதமான குரலில்.

"இல்ல, உயிரோட கீது! மூச்சு வுடுது, கேளு!"

"மறைவை உறுதிசெய்தவர் நீங்கள்தான்."

"பொய்யி! நான் பொய்யா வெரல் வச்சேன்!"

"துக்கத்தில் இப்படித் தோன்றுவது இயல்பு. உங்களோடு பேச ஓர் ஆலோசகரை அனுப்பட்டுமா?"

குமுதா கத்தினாள். அக்கம்பக்கத்தார் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. பகலில் ஓட்டக் கூடாதென்று அனல்மதியே தடை போட்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தன் கழுத்து வில்லையை உரித்து அக்காவின் கழுத்தில் அழுத்தினாள். தன் பெயருக்கு ஆம்புலன்ஸ் வருமே! அந்த யோசனை முன்பே வந்திருக்கக் கூடாதா? அன்று வரிசையே இல்லை. பக்கத்துச் சாலையில் மூன்று ஆம்புலன்ஸ்கள் சும்மா நின்றுகொண்டிருந்தன.

வில்லை ஒரு நிமிடம் நாடியைத் தேடியது. அகப்படவில்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் தாவீது பேழையோடு வந்தார். வண்டித் திரையில் குமுதாவின் பெயரைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் அழுதிருக்கிறார். அவள் உயிரோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவள் மடியில் இருப்பது யாரென்று பார்த்தார்.

"உன் பேருக்கு வந்த பொட்டிம்மா இது. நான் வெரல் வச்சா நீ செத்தவ. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எவனும் வரமாட்டான்," என்றார்.

"வைக்கலன்னா?"

"பொட்டி குளிராது. எரிக்கவும் வுடமாட்டாங்க. அக்கா பேர்ல குடுத்த நேரம் அன்னிக்கே போயிடுச்சே."

குமுதா அக்காவின் விரல்களில் படிந்திருந்த கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பேரு இல்லாமப் பண்ணது நான்தானே? என் பேர்லயாவது போவட்டும். வைண்ணே."

தாவீது வைத்தார்.

அன்று மாலை அனல்மதி வழக்கம்போல அறிக்கை வெளியிட்டது. அந்தத் தெருவில் வெயிலால் இறந்தவர் ஒருவர் என்று போட்டிருந்தது. எண்ணிக்கை சரிதான்.