மணியில் அடைத்த புல்

மேல்விடுதி வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, விருந்தினர்களைக் கூப்பிட கஸ்பார் ஹாரனை அழுத்தினான். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினான். யாரோ தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கூப்பிடுவதைப் போல ஒரு முனகல் மட்டும் வந்தது.

காலையில் மலையேறும்போது பன்னிரண்டு வளைவுகளிலும் நன்றாக அடித்த ஹாரன் அது. இறங்கிப் போய் முன்மூடியைத் திறந்தான். ஹாரனின் வாய் நிறையக் காய்ந்த புல். காற்று கொண்டுவந்து சேர்த்த குப்பை இல்லை. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஓரம் பிசிறாமல், கெட்டியாக அடைத்திருந்தது.

அப்படி அடைக்க இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். கோடையில் மேய்ச்சல் மேட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டால், செப்டம்பரில் மாடுகள் பூமுடி இல்லாமல்தான் இறங்கும். மாடுகளின் கழுத்து மணி ஒவ்வொன்றுக்குள்ளும் புல்லை அடைத்து, மணியின் நாக்கைக் கட்டிவிடுவார்கள். போன வருஷம் முப்பத்துநான்கு மணிகளுக்கு அடைத்தார்கள். அதில் நாலைந்துக்குக் கஸ்பாரும் கை கொடுத்தான்.

விரலைவிட்டுப் புல்லை இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. அந்தச் சின்ன வாய்க்குள் இவ்வளவு இருக்க முடியாது. காலடியில் ஒரு கூடை அளவு சேர்ந்த பிறகும் உள்ளே விரலில் பட்டுக்கொண்டே இருந்தது. ஈரமாக, வெதுவெதுப்பாக, மாட்டின் மூச்சு வாடையோடு. சட்டென்று கையை எடுத்தான். முன்மூடியை அறைந்து மூடினான்.

"என்ன கஸ்பார், வண்டிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" வியன்னாவிலிருந்து வந்திருந்த எடல்ட்ராவுட் அம்மாள், வாயோரம் ஆப்பிள் பணியாரத்தின் சர்க்கரைத் தூளோடு வெளியே வந்தாள்.

"மலைக்காத்தும்மா. ஒரு கிளாஸ் சாராயம் ஊத்தினா சரியாயிடும்."

"வண்டிக்கே ஊத்துங்க. நீங்க குடிச்சிடாதீங்க," என்றார் அவள் கணவர். பின்னால் வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான்.

காத்திருக்க நேரமில்லை. நாலு மணிக்குச் சாலையை அடைத்துவிடுவார்கள். இன்று மாடுகள் இறங்கும் நாள். கீழே ஊர்ச் சதுக்கத்தில் பூமுடிகள் தயார், வாத்தியக்காரர்கள் தயார். காலையில் கட்டணத் தடுப்பில் ரோமெட் சொல்லியிருந்தான். காசை வாங்கிக்கொண்டும் கம்பத்தைத் தூக்காமல், ஜன்னலருகே குனிந்து நின்றான்.

"என் பொண்ணு புர்கா போய் இன்னியோட ஒரு வருஷம்."

"தெரியும் ரோமெட்."

"அவ கையால வளந்த மாடு ஸ்டெர்னா. அது ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதிச்சதில்ல. நீ பாத்ததை இன்னொரு தரம் சொல்லேன்."

அவன் கண்கள் சண்டைக்கு வரவில்லை. கெஞ்சின. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வாய்வரை வந்தது.

"சொன்னேனே. மிரண்டு ஓடிச்சு. தலையை ஆட்டிக்கிட்டு. நான் தூரத்துல இருந்தேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ரோமெட் கம்பத்தைத் தூக்கினான்.

பன்னிரண்டாம் வளைவைத் தாண்டியதும் மூடுபனி வந்தது. பைன் மரங்களின் அடியிலிருந்து பால் பொங்குவதைப் போல எழுந்து, சாலையோரக் கற்களை ஒவ்வொன்றாக விழுங்கி, கண்ணாடியில் ஈரமாக ஒட்டி, விளக்கு வெளிச்சத்தையே திருப்பி அவன் முகத்தில் வீசியது. பின்னால் எடல்ட்ராவுட் அம்மாள் யாருடைய மருமகளைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி துடைப்பான் கிறீச்சிட்டது. பதினொன்று. பத்து. புல் வாடை வண்டிக்குள்ளும் வந்துவிட்டது.

ஒன்பதாம் வளைவில் துடைப்பானின் கிறீச் நின்றது. துடைப்பான் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

எட்டில் எஞ்சின் சத்தம் போயிற்று. காலுக்கடியில் அதிர்வு இருந்தது, சத்தம் இல்லை. உள்கண்ணாடியில் பார்த்தான். எடல்ட்ராவுட் அம்மாளின் வாய் அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பல் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

ஏழு.

அன்றும் இதே பனி. அன்று வண்டியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுந்துவிடுவார்களே என்று இந்த ஏழாம் வளைவில் மட்டும் அவன் ஹாரன் அடிக்கவில்லை. புர்கா, ஸ்டெர்னாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள். ஒரு மெத்தென்ற இடி. இறங்கிப் பார்த்தபோது அவளுக்கு உயிர் இருந்தது. பாவாடைமேல் அவள் கட்டியிருந்த பச்சை முன்கட்டுத் துணி சேற்றில் விரிந்திருந்தது. "கஸ்பார் மாமா," என்றாள். "அப்பாவைக் கூப்பிடுங்க." மாடு அவள் மேல் குனிந்து முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. அவன் வண்டியில் ஏறி, எஞ்சின் சத்தம் எழாமல், இறக்கத்தில் அப்படியே உருட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் பால்பண்ணைக்குப் பின்னால் ரோமெட் வேட்டைத் துப்பாக்கியோடு நின்றான். மாட்டின் கயிற்றைப் பிடித்தது கஸ்பார்தான். "ஏண்டி இப்படிப் பண்ணினே? என் பொண்ணு உனக்கு என்ன குறை வெச்சா?" என்று கேட்டு, ரோமெட் அதன் நெற்றியில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தடவி, அந்த இடத்தில் துப்பாக்கிக் குழாயை வைத்தான். ஸ்டெர்னா ரோமெட்டைப் பார்க்கவில்லை. கடைசிவரை கஸ்பாரையே பார்த்தது.

பனியில் ஒரு நிழல். பிரேக்கை மிதித்தான்.

மாடுகள். சாம்பல் நிற மாடுகள், சாலையை அடைத்துக்கொண்டு. பூமுடி இல்லை. கழுத்துகள் ஆடின, பெரிய பெரிய மணிகள் ஆடின. ஒரு கிணுக்கும் இல்லை. வண்டியின் இருபுறமும் வயிறுகள் உரசிக்கொண்டு போயின. வண்டி ஆடியது. எண்ணினான். முப்பத்துமூன்று.

முன்னால் நடக்க வேண்டிய ஸ்டெர்னா இல்லை.

கதவு திறந்தது. அவன் திறக்கவில்லை. ஒரு மாடு தலையை உள்ளே நுழைத்து, மூக்கால் அவன் முதுகை நெம்பித் தள்ளியது. இன்னொன்றும் தள்ளியது. சாலையில் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். கழுத்தில் ஏதோ விழுந்தது. மணி தொங்கும் தோல் வார். அகலமானது, எடையானது, வெதுவெதுப்பானது. தலையைத் தூக்க முடியவில்லை.

"சொல்லிடறேன்!" என்று கத்தினான். "நான்தான்! நான்தான் இடிச்சேன்!"

கத்தியது நெஞ்சில் மட்டும் இருந்தது. வாயில் புல். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, ஓரம் பிசிறாமல், கெட்டியாக.

வண்டியின் ஜன்னலில் எடல்ட்ராவுட் அம்மாள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தாள். கஸ்பார் அவள் உதடுகளைப் பார்த்தான். எவ்வளவு அழகான மாடு, என்றன.

மாடுகள் நடந்தன. அவன் முன்னால் நடந்தான். நிற்க முயன்றபோதெல்லாம் பின்னாலிருந்து ஒரு மூக்கு தள்ளியது. ஆறு. ஐந்து. முழங்கால் கிழிந்தது. உள்ளங்கை கிழிந்தது. எப்போதிலிருந்து கையையும் ஊன்றி நடக்கிறோம் என்று அவனுக்கு நினைவில்லை.

ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். மணிச் சத்தம் இல்லாமல் வருகிற மாடுகளைப் பார்த்ததும் வாத்தியக்காரர்கள் ஊதுகுழல்களை இறக்கினார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தெரிந்த முகங்கள். கூட நின்று தீயணைத்தவர்கள், கூட உட்கார்ந்து குடித்தவர்கள். ஒருவன்கூட அவன் பெயரைச் சொல்லவில்லை.

பால்பண்ணைக்குப் பின்னால் ரோமெட் நின்றான். துப்பாக்கியோடு.

கயிறு இழுபட்டது. கஸ்பார் கண்ணை மட்டும் திருப்பினான். கயிற்றின் மறுமுனையில் பச்சை முன்கட்டுத் துணி. சேறு காயாத பச்சை. அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தாள், போன வருஷம் அவன் பிடித்திருந்ததைப் போலவே, இரண்டு சுற்றாக மணிக்கட்டில் சுற்றி.

ரோமெட் குனிந்தான். அழுதிருந்த கண்கள். அவன் கட்டைவிரல் கஸ்பாரின் நெற்றியைத் தடவியது. நட்சத்திரம் இருக்கும் இடத்தைத் தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றது.

இத்தனை நேரத்தில் முதல்முறையாக ஒரு குரல் கேட்டது.

"ஏண்டி இப்படிப் பண்ணினே?"