நான்கு விரற்கடை

கெட்டிக்கும் கம்பி இன்றும் துப்பாக்கிக் குழலின் அடிவரை போகவில்லை.

ஜோன் அதில் குழல் வாயின் அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, வெளியே எடுத்து, குழலின்மேல் வைத்துப் பார்த்தாள். நான்கு விரற்கடை குறைவு. நேற்றுத்தான் திருகுகம்பி விட்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்திருந்தாள். இன்று மறுபடியும் உள்ளே வெடிமருந்தும் குண்டும்.

வெர்மான்ட்டில் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே ஜன்னல்கள் நீலமாகிவிடும். கணப்பில் கட்டை சீறிக்கொண்டிருக்க, மடியில் கிடந்த துப்பாக்கியிலிருந்து ஆளிவிதை எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த வாசனை எழுந்தது. கணவன் எவரெட்டின் முன்னோர் ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் சுமந்தது. துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் விரிசல். குழல் முழுக்கக் காப்பி நிறத் துரு. அந்தத் துருவைத் தேய்க்க எவரெட் யாரையும் விட்டதில்லை. உள்ளே குண்டு கிடக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்கத்தான் இருநூறு வருடமாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

போன நவம்பர் விருந்தன்று, பொறி பறப்பதைக் காட்டுகிறேன் என்று குழலின் பக்கவாட்டுக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து எவரெட் விசையை இழுத்தான். எதிரே சிரித்துக்கொண்டு நின்றது பதினோரு வயது மகன் வேட்.

விசாரணை முடிந்து திரும்பி வந்த துப்பாக்கியை எவரெட்டே பழைய ஆணிகளில் மாட்டினான். அதன்பின் அவன் அதிகம் பேசுவதில்லை. அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான்.

"நீதானே குண்டு போடுற, எவரெட்?"

"நான் தொடவே இல்ல, ஜோன்."

"அப்ப அணில் வந்து கெட்டிச்சுட்டுப் போகுதா?"

அவன் சிரிக்கவில்லை.

திருகினாள். முதலில் அடைப்புத் துணி வந்தது. நீலக் கட்டம் போட்ட ஃபிளானல். ஈரமண் வாசனை. சவப்பெட்டியில் வைக்கும்முன் அவளே தேய்த்து வேட்டுக்குப் போட்டுவிட்ட சட்டை.

மருந்து நனையட்டும் என்று கெண்டித் தண்ணீர் முழுவதையும் குழலுக்குள் கவிழ்த்தாள்.

"இப்பவே பாலத்துல இருந்து ஆத்துல வீசிடப் போறேன்."

கோட்டு எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். ஒரு கை நுழைத்திருப்பாள்.

தட்.

தட்.

ஓடி வந்தாள். எவரெட் தரையில் உட்கார்ந்திருந்தான், வேட் அன்று நின்ற இடத்தில். கைகள் மடியில். எதிரே துப்பாக்கி நிமிர்ந்து நின்றது. கம்பி ஏறியது. இறங்கியது. பிடித்திருக்க யாருமில்லை.

"மெதுவா, கண்ணு," என்றான் எவரெட். எத்தனையோ மாதங்களாக அவள் கேட்காத குரல். "நல்லா இறுக்கு. அவசரமே இல்ல. அப்பா எங்கயும் போகல."

கம்பி நின்றது. குழல் அவன் நெஞ்சை நோக்கிச் சாய்ந்தது. விசைக்கு மேலிருந்த குதிரை தானாகப் பின்னால் போனது. பாதி. முழுதும்.

எவரெட் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, சிரித்தான்.