எந்தக் குளிர்காலத்துப் பிள்ளைகள்

அன்று காலை பர்னபாஸ் ஸ்ட்ரவுட் தன் மனைவியை மூன்றாவது தடவையாக ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு. ரெட்டைப் பிள்ளைங்க எப்பப் பொறந்தாங்க?"

"கூழு அடிப்பிடிக்குதுங்க," என்றாள் ஜெருஷா.

"அதையா ஜட்ஜு கேக்கப் போறாரு?"

ஜெருஷா சோளக்கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அவர் மேஜையைத் தட்டினார்.

"பெரும்பனி பெஞ்ச குளிர்காலம். ஆயிரத்து எழுநூத்து எண்பதாம் வருஷம் ஜனவரி. இதைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா உனக்கு?"

"பிள்ளைங்களைக் கையில வாங்கினதே நான்தானேங்க..."

"அதனாலதானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்! நீ சொன்னா ஊரே நம்பும். இல்லேன்னா ஓடைக்கரை நிலம் போச்சு. அப்புறம் நம்ம மேட்டுக் காட்டுல கல்லைத்தான் வேக வெச்சுத் தரணும் நீ!"

ஜெருஷா கூழை இறக்கி வைத்தாள். இருபத்துமூன்று வருடத் தாம்பத்தியத்தில் அவள் சரி என்றும் சொன்னதில்லை, முடியாது என்றும் சொன்னதில்லை. அவள் பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் என்பது பர்னபாஸ் தனியாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அது அவருக்கு மிக வசதியாக இருந்தது.

வழக்கு இதுதான். பர்னபாஸின் தம்பி லீவைக்கு ஓடைக்கரையில் இருநூறு ஏக்கர் நல்ல நிலம் இருந்தது. அவர் மனைவி இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது லீவையும் காய்ச்சலில் போனார். (அந்தப் பன்னிரண்டும் இப்போது வழக்கில் இருக்கிறது.) ஜாரெட், திர்சா இருவரையும் வளர்த்தவள் ஜெருஷா. போன வருடம் மார்ச் மாதம் பெரியப்பா ஒரு காகிதத்தை நீட்டினார்; பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். இருநூறு ஏக்கருக்கு ஈடாக அவர்களுக்கு ஒரு குதிரையும் இரண்டு பசுக்களும் கிடைத்தன. குதிரைக்கு ஒரு கண் தெரியாது.

இருபத்தொரு வயது ஆகாதவன் நிலம் விற்றால், வயது வந்த பிறகு அந்த விற்பனை செல்லாது என்று சொல்லிவிடலாம் என்ற விஷயத்தை நவம்பர் மாதம் ஒரு இளம் வக்கீல் அவர்களுக்குச் சொன்னார். அன்றே இருவரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடைக்கு அக்கரையில் ஒரு மரக்குடிசைக்குக் குடிபோனார்கள். வழக்கும் போட்டார்கள். கையெழுத்துப் போட்டபோதே அவர்களுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது, அவர்கள் ஒரு வருடம் முந்தின பெரும்பனிக் குளிர்காலத்துப் பிள்ளைகள் என்பது பர்னபாஸின் பதில்.

பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது நினைக்கலாம். எங்கள் கரோலினா மலையோரத்தில் பதிவேடு வைத்திருந்த ஒரே பாதிரியார் இங்கிலாந்து ராஜாவின் கட்சிக்காரர். சுதந்திரப் போர் முடிந்ததும் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார், பதிவேடும் ஏறியது. அதிலிருந்து இங்கே பிறப்பு இறப்பெல்லாம் பனி, வெள்ளம், மாடு செத்த வருடம் என்றுதான் கணக்கு. ஆக இருநூறு ஏக்கரும் இப்போது ஒரே கேள்வியில் தொங்கின. எந்தக் குளிர்காலம்?

ஜெருஷாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அது பெரும்பனிக்கு அடுத்த குளிர்காலம். அவளுடைய மகன் லெமுவேல் அக்டோபரில் பிறந்தான். ஐந்து வாரம் கழித்து, தாயில்லாத இரண்டு பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றி அவள் மடியில் போட்டார்கள். பிப்ரவரியில் ராஜாவின் செஞ்சட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள்; பசுவை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு மூன்று வாய்க்கு அவள் ஒருத்தியின் பால்தான். மார்ச் முதல் வாரத்தில் வாய் இரண்டானது.

அன்றிலிருந்து பர்னபாஸ் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. இரட்டையர் ஒரு வருடம் முன்னாலேயே பிறந்திருந்தால், அந்தப் பிப்ரவரியில் ரொட்டி கடித்துக்கொண்டு நடந்து திரிந்திருப்பார்கள். அவள் பாலை யாரும் பங்கு போட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் லெமுவேல் எதற்காகச் செத்தான்? பர்னபாஸ் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அவர் யோசித்தது ஓடைக்கரை வரைக்கும்தான். யோசித்தவள் ஜெருஷா. பத்து மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்தில் முதலில் இரண்டு கிழவர்கள் சாட்சி சொன்னார்கள். தன் பன்றி நின்றபடியே உறைந்து போன குளிர்காலத்தில்தான் பிள்ளைகள் பிறந்தார்கள் என்றார் ஒருவர். பன்றி உறைந்தது அதற்கு மூன்று வருடம் முன்னால், அதுவும் அவருடைய பன்றி இல்லை, என்னுடையது என்றார் மற்றவர். கொஞ்ச நேரம் வழக்கு பன்றியைப் பற்றியே நடந்தது.

பிறகு ஜெருஷாவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய் பைபிள்மேல் கை வைத்தாள். பெஞ்சில் இருந்த ஜாரெட் முகம் சிவந்து, வக்கீலின் காதில் ஏதோ சொன்னான். வக்கீல் துள்ளி எழுந்தார்.

"ஆட்சேபிக்கிறேன்! இவங்க பிரதிவாதியோட சம்சாரம். புருஷனுக்கு ஆதரவாவோ எதிராவோ பொண்டாட்டி சாட்சி சொல்லக் கூடாது."

நீதிபதி ஒப்புக்கொண்டார். சட்டத்தின் கண்ணில் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்பதில் சட்டத்துக்கு என்றைக்கும் குழப்பம் இருந்ததில்லை.

"நீங்க போய் உக்காரலாம்மா."

ஜெருஷா வாயைத் திறந்தாள், மூடினாள், போய் உட்கார்ந்தாள்.

ஜூரிகள் ஒரு குழாய்ப் புகையிலை எரிகிற நேரத்துக்குள் திரும்பி வந்தார்கள். பன்றி விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை வரவில்லை. நில விஷயத்தில் பர்னபாஸுக்கே தீர்ப்பு.

வெளியே வந்ததும் திர்சா எதிரே வந்து நின்றாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம்.

"ஐயோ பாவம் பெரியம்மா! அவ்வளவு தூரம் வண்டி கட்டி வந்து, பொய் தொண்டை வரைக்கும் வந்து, வீணாப் போச்சே!" என்றவள், பக்கத்தில் நின்ற ஓக் மரத்தைக் காட்டினாள். "வேணும்னா இந்த மரத்துக்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க!"

"விடு திர்சா," என்றான் ஜாரெட். "அவங்களுக்கு அவங்க புருஷன் முக்கியம். நாம யாரு? எடுத்து வளர்த்த பிள்ளைங்கதானே."

ஜெருஷா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள்.

திர்சா சடாரென்று திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அதற்குள் பர்னபாஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டார். மாவு மில் முதலாளி ஹக்கபி எழுதி வைத்த பத்திரத்தோடு காத்திருந்தார். ஓடைக்கரை நிலத்தில் அவருக்கு அணை கட்ட வேண்டும். தீர்ப்பு வந்ததும் வாங்குவதாகப் பேச்சு. ஒரு சின்னச் சடங்குதான் பாக்கி. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு உண்டு. அதனால் மனைவி விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவளை மிரட்டிப் போட வைக்கவில்லையா என்று நீதிபதி, கணவன் இல்லாமல், தனி அறையில் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த அறைக்குப் போய் "இல்லை" என்று சொல்லிவிட்டு, கவுன் துணி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

நீதிபதி கதவைச் சாத்தினார்.

"உங்க புருஷன் மிரட்டினாரா? இல்ல, சொந்த விருப்பத்துல கையெழுத்து போடறீங்களா?"

"காலையில என்னைப் பேச வேணாம்னீங்களே ஐயா?"

"அது சாட்சி. இது கையெழுத்து."

"இப்பப் பேசலாமா?"

"இப்ப நீங்க பேசியே ஆகணும். சட்டம்."

ஜெருஷா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக ஒரு வார்த்தையில் முடிகிற வேலை அன்று அரை மணி நேரம் பிடித்தது. முடிவில் நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை வெச்சு நான் தீர்ப்பை மாத்த முடியாதும்மா."

"தெரியுங்க. நான் கையெழுத்து போடலை. அவ்வளவுதான்."

அவர் கதவைத் திறந்து, இந்த அம்மாள் மறுக்கிறார் என்று அறிவித்தார். ஹக்கபி தொப்பியைத் தேட ஆரம்பித்தார். ஜூரிகளில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் ஜாரெட்டும் திர்சாவும்.

"மறுக்கறாளா? ஏன்?" என்று கத்தினார் பர்னபாஸ்.

"அவங்களையே கேளுங்க. புருஷன்கிட்ட பொண்டாட்டி பேசறதுக்குத் தடைச் சட்டம் எதுவும் இல்ல," என்றார் நீதிபதி.

ஜெருஷா கணவன் முன்னால் வந்து நின்றாள்.

"லெமுவேல் எதனால செத்தான்? சொல்லுங்க."

"ஏய்... அந்தப் பேரை ஏன் இங்க எடுக்கற..."

"எடுப்பேன்! வேற எங்க எடுக்க விட்டீங்க? ரெட்டைங்க முந்தின வருஷமே பொறந்துட்டாங்கன்னா என் பாலை யார் குடிச்சா? நாலரை மாசப் பிள்ளை எப்படிங்க வத்திப் போச்சு? நான் பால் இருந்தும் குடுக்காமக் கொன்னேனா? அதையா நான் பைபிளைத் தொட்டுச் சொல்லணும்?"

"நீ அவங்களுக்குக் குடுத்தே!" பர்னபாஸின் குரல் கிழிந்தது. "ரெண்டையும் ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டு... என் பிள்ளை தொட்டில்ல கத்திக் கத்தி... கடைசியில கத்தக்கூட முடியாம... நான் பாத்துக்கிட்டே நின்னேன்டி! அந்த நிலத்தை எடுத்தா என்ன தப்பு? அவன் பங்கைத்தானே அவங்க குடிச்சாங்க!"

ஜூரித் தலைவர் வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்தார்.

"இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா, பன்றியை விட்டிருக்கலாம்," என்றார்.

பர்னபாஸுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை.

வாசலிலிருந்து திர்சா வந்தாள். மேட்டுக் காட்டில் ஒரு சின்னக் கல் நட்டு வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டால் பெரியம்மா பேச்சை மாற்றிவிடுவாள் என்பதும் தெரியும்.

"எங்களாலயா பெரியம்மா...?"

"கைக்குழந்தைங்கடி நீங்க. அழுதீங்க, குடுத்தேன். மூணு பேரும் அழுதீங்க... யாரு ரொம்பக் கத்தினாங்களோ அவங்களை முதல்ல எடுத்தேன். அவன் கொஞ்சம் சாது."

திர்சா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மரத்துக்கிட்டப் போய் சொல்லுன்னேனே... என் நாக்கு அழுகிப் போகணும்!" ஜாரெட் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"உங்களை வாய் திறக்க விடாம நிறுத்தினதே நான்தான் பெரியம்மா..."

"நீ எப்பவுமே அவசரக்காரன்," என்று அவனையும் இழுத்து அணைத்துக்கொண்டாள் ஜெருஷா. அழுகையின் நடுவே அவன் சட்டையில் ஒரு பொத்தான் குறைவதைக் கவனித்தாள். அக்கரையில் தைத்துக் கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது.

பர்னபாஸ் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"இருந்திருந்தா... போன அக்டோபரோட லெமுவேலுக்கும் இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கும்."

பிறகு அவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"அந்தப் பத்திரத்துல ஹக்கபி பேரை அடிச்சிட்டு இந்த ரெண்டு பேரையும் எழுதுங்க. முழுசும்."

"அப்ப நாம?" என்று ஜெருஷா கேட்கவில்லை. மேட்டுக் காட்டில் கல் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். அதில் ஒரு கல்லை அவளே நட்டிருக்கிறாள்.

புதுப் பத்திரம் என்பதால் சடங்கை மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது. தனி அறை, சாத்திய கதவு, அதே கேள்வி.

"இந்த நிலத்தை விட்டுக்குடுக்கச் சொல்லி உங்க புருஷன் உங்களை மிரட்டினாரா, வற்புறுத்தினாரா?"

ஜெருஷா பேனாவை மையில் தோய்த்தாள்.

"இல்லீங்க ஐயா. நான்தான் அவரை வற்புறுத்தினேன்."

அதற்குச் சட்டத்தில் வாசகம் இல்லை. நீதிபதி கொஞ்சம் யோசித்து, எல்லாப் பெண்களுக்கும் எழுதுவதைப் போல, சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதினார். எங்கள் மாவட்டத்தில் அந்த வாசகம் உண்மையான நாட்கள் குறைவு.