மூச்சு வாங்கும் இடங்கள்

"குடையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் புடிங்க! இது நனைஞ்சா என் உசுரே போயிடும்..."

கேதீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஹட்டன் ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். மழை. அவள் குடையிலிருந்து வடிந்த தண்ணீரெல்லாம், உரப் பையில் சுற்றிய நீளமான பொதி ஒன்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி ஒருவன்... பல நாள் தூங்காத கண்கள்.

"ஏன் உப்பிடிக் கத்துறியள்? உள்ளுக்கை என்ன, பிள்ளையோ?"

"கீபோர்டுங்க. இப்பத்தான் ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வர்றேன்."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்கு நின்றிருப்பாள். இன்று தெம்பில்லை. யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாள். யுத்தம் ஓய்ந்து பாதை திறந்தாயிற்று, அங்கே அம்மா காத்திருக்கிறாள். அவள் கற்பிக்கும் வட்டவளைப் பள்ளிக்கூடத்துக் குளிரும் தனிமையும் போதும் போதும் என்றாகிவிட்டது. குடையை அவன் பொதிக்கு மேலே பிடித்தாள். தான் நனைந்தாள்.

அவன் பார்த்தான்... அவளுடைய பெரிய, களைத்த கண்களை. பார்த்ததோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா கணேசமூர்த்தி? இருவரும் ஒரே ரயிலில் வட்டவளை வந்து இறங்குவதற்குள், அவள் பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு ஒரு பாட்டு எழுதி வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டுவிட்டான்.

"நான் மியூசிக் போட்டுத் தர்றேன் டீச்சர். நீங்களே பாடிருங்க."

பகல் முழுவதும் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றே கால் கடுத்துப்போகும் அவனுக்கு. அதன் பிறகுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் உள்ளறையில் உயிர் வரும். கீபோர்டில் வாசிப்பது கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். வயலினும் புல்லாங்குழலும் கீபோர்டின் சத்தங்கள். தபேலா, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருளின் சத்தம். பழைய கம்ப்யூட்டர்... எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வாத்தியமாகப் பதிந்து, அடுக்கி, அதன்மேல் அவள் குரல்.

சனிக்கிழமைகளில் கேதீஸ்வரி பாடிப் பதிய வந்தாள். அவன் அம்மா வீரம்மா கதவைத் திறந்து வைத்து, பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பாள். தகரக் கூரையில் மழை அடித்தால் மைக்கில் வேறெதுவும் விழாது. காத்திருக்க வேண்டியதுதான்.

"எப்பதான் விடுமோ இந்த மழை?"

"விடாட்டி என்னங்க... நல்லாத்தானே இருக்கு?"

அவள் முறைத்தாள். முறைப்புக்குள் சிரிப்பு ஒளிந்திருந்தது. ஐயோ, இந்தக் கண்கள் என்றிருந்தது அவனுக்கு.

வீரம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. "அவுங்க யாழ்ப்பாணத்து டீச்சரு. நாம லயத்து ஆளுங்க. ஆசைய வளத்துக்காதப்பா" என்றாள் ஒரு நாள். அன்றோடு அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்ள அவன் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இடமாற்றம் கிடைத்துவிட்டதென்று அவள் சொன்னபோதும் "சந்தோசம் டீச்சர்" என்றான். அவ்வளவுதான்.

முடித்த பாட்டைக் கேட்க அவள் கடைசியாக வந்தாள். கேட்கக் கேட்க முகம் வாடியது.

"இது நானில்லை."

"ஏங்க? சுருதி சுத்தமா இருக்கே?"

"மூச்சு எங்கை? நான் மூச்சு விடாமலோ பாடினனான்?"

"வரிக்கு நடுவுல கூரை சொட்டுற சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் விழுந்திருச்சு டீச்சர். அத வெட்டயில மூச்சும் போயிருச்சு..."

"களைச்ச மனுசியை மெசின் ஆக்கிப்போட்டியள். போறவள்தானே எண்டு நினைச்சியளாக்கும்!" குரல் உடைந்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அவள் கால் படியில் இருந்தது. இப்போதும் வாய் வராவிட்டால் இனி எப்போது? அவன் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினான். ஸ்பீக்கரில் பாட்டில்லை, வாத்தியமில்லை. ஒரு மூச்சு. ஒரு சொட்டு மழை. இன்னொரு மூச்சு... ஒரு பெருமூச்சு...

அவள் நின்றாள். "என்ன இது?"

"வெட்டினதுங்க. அழிக்க மனசு வரல. ஒண்ணொண்ணா எடுத்து வேற ட்ராக்குல போட்டு வச்சிருக்கேன். வேல விட்டு வந்ததும் மொதல்ல இதத்தான் கேப்பேன்... அப்பத்தான் அலுப்புத் தீரும்."

"அப்ப பாட்டு?"

"பாட்டு ஸ்கூலுக்கு. இது எனக்கு." தலையைக் குனிந்துகொண்டான். "போகாதீங்க. கேக்குறதுக்கு எனக்கு என்ன தகுதின்னு தெரியல. எங்கம்மாவே வேணாம்னாங்க. ஆனா... உங்கள ரொம்பப் புடிச்சிருக்குங்க."

வெளியே மழை வலுத்தது. அவள் திரும்பி வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"ரெண்டு அம்மாமாரோடையும் நான் கதைக்கிறன். நீங்கள் முதல்லை அந்த மூச்சையெல்லாம் பாட்டுக்குள்ளை திருப்பிப் போடுங்கோ."

"மழையும் சேந்து வந்துருமே..."

"வரட்டும்" என்றாள். பிறகு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி... "எனக்கும் உங்களிலை விருப்பம்தான்."